பாஸ்போர்ட் முதலாளிக்குச் சொந்தமா?

“பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன். அதிகம் பேசினால் ஓடிப்போய்விட்டாய் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.”

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இந்த மிரட்டலைக் கேள்விப்படாத வளைகுடா குடும்பங்கள் குறைவு. சம்பளம் நின்றுபோன மகன் போனில் இதைச் சொன்னதும், அம்மாவோ உம்மாவோ சொல்லும் பதில் ஒன்றுதான்: “எதுவும் பேசிடாதப்பா, பொறுத்துக்கோ.”

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ‘கஃபாலா’ முறையில் தொழிலாளியின் விசா, ‘கஃபீல்’ எனப்படும் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். ஆனால் சட்டம் முழுக்க முதலாளி பக்கம் இல்லை.

பாஸ்போர்ட் யாருடையது?

1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி, இந்திய பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைப்பதை வளைகுடா நாடுகளின் சட்டங்களே தடுக்கின்றன. கத்தாரில் 2015-ம் ஆண்டின் 21-ம் எண் சட்டப்படி, இதற்கு 25,000 ரியால் வரை அபராதம்.

மிரட்டினால்..?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஒருவரை மிரட்டி வேலை வாங்குவதைத் தடை செய்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தில் உண்மையான புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், அது சட்டவிரோதம். நீதிமன்றம் மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம்.

சவுதியில் 2021 மார்ச் 14 முதல், ஒரு வருடம் வேலை பார்த்தவர், உரிய நோட்டீஸ் கொடுத்து, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள், ஹவுஸ் டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்களுக்கு இந்தச் சலுகை தரப்படவில்லை. ஊரிலிருந்து ஹவுஸ் டிரைவர் விசாவில் கிளம்புபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

‘ஹுரூப்’ பயம்

தொழிலாளி ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் புகாரைத்தான் சவுதியில் ‘ஹுரூப்’ என்கிறார்கள். அது பதிவானால் கைது, நாடு கடத்தல் வரை போகலாம். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் கேம்ப்பை விட்டு வெளியேறுவது ஆபத்து. சம்பளப் பாக்கிக்கான புகாரை முதலில் தொழிலாளர் அலுவலகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வரும் பொய்ப் புகாரை மறுக்க, அந்தத் தேதியே சாட்சி.

தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவலாம்.

கிளம்பும் முன்...

* பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘ஈ.சி.ஆர்.’ வகை. வளைகுடா உட்பட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. அப்போது ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாகும் ஒப்பந்தம்தான் பின்னாளில் ஆதாரம். “விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொன்னால், அந்த ஆதாரம் கிடைக்காது.

* ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் செல்பவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். விபத்தால் ஏற்படும் மரணம் அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை. வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கும் இதில் இடம் உண்டு.

* பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இகாமா ஆகிய நான்கின் படங்களும் வீட்டில் ஒருவர் போனிலாவது இருக்கட்டும்.

ஊரில் இருக்கும் குடும்பமே வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம். புகாரோடு சேர்க்க அந்த நான்கு படங்களும் வேண்டும்.

அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால், “பொறுத்துக்கோ” என்பதோடு நிறுத்த வேண்டாம். “சம்பளம் எத்தனை மாசமா வரல? தேதியோட எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புப்பா” என்று கேளுங்கள். புகார் அங்கிருந்துதான் தொடங்குகிறது.