சூட்டைக் குறை... அப்புறம் வேகத்தைக் கூட்டு!

மெக்கானிக்கல் துறை மாணவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எழுதப் போவது கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல, சூட்டைப் பற்றி. அது எங்கள் பாடம்!

நம் விடுதியில் இப்போது ஒரு ஜுரம் பரவியிருக்கிறது. ஓவர்கிளாக்கிங் என்று பெயர். தயாரித்தவன் "இந்தப் பிராசசரின் வேகம் இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்திருக்க, பயாஸுக்குள் புகுந்து அதை இன்னும் கொஞ்சம் விரட்டி ஓட வைப்பது. "பைக் எத்தனை சி.சி.?" என்று கேட்பது போய், "உன்னது எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்று கேட்கிறார்கள். வேகம் கூடினால் சூடு கூடும். உடனே பெரிய ஃபேன், அதற்கும் அடங்காவிட்டால் வாட்டர் கூலர் என்று ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. நம்ம ஊர் வெயிலுக்கும் நம்ம வீட்டு வருமானத்துக்கும் இது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் நியாயம் இருந்தது. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற பிராசசரை, மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியே பலர் 450-இல் ஓட்டினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பணக்கார வேகம்! காசு கொடுக்காமல் ஒன்றரை மடங்கு. இன்று அப்படி இல்லை. தயாரிப்பாளர்களே கடைசிச் சொட்டு வரை பிழிந்து, "பூஸ்ட்" என்று பெயர் வைத்துத்தான் விற்கிறார்கள். நாம் பிழிவதற்கு மிச்சம் கொஞ்சம்தான்.

பெரிய கம்பெனியே சூட்டிடம் தோற்ற கதையும் உண்டு. பென்டியம் 4-ஐ 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டு போவோம் என்று சொன்ன இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 3.8-உடன் நின்றது. அதன் பிறகுதான் ஒரே மூளையை விரட்டுவதை விட்டு இரண்டு, நான்கு மூளைகளை வைக்கும் வழிக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

ஏன் இவ்வளவு சூடு? பிராசசர் உறிஞ்சும் மின்சாரம் கடைசியில் எல்லாமே வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். 100 வாட்ஸ் என்பது பெரிய விஷயமா, பழைய குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 100 வாட்ஸும் விரல் நகத்தளவு சில்லில் இருந்து வருகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கணக்குப் பார்த்தால் நம் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டைவிடப் பத்து மடங்குக்குக் குறையாது!

இனி கணக்குக்கு வருகிறேன். வேகம் கூடினால் வெப்பம் அதே விகிதத்தில் கூடும். ஆனால் வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். நம் நண்பர்கள் செய்வது என்ன? 10 சதவீதம் வேகம் வேண்டும் என்று 1.20 வோல்ட்டை 1.35 ஆக்குகிறார்கள். கால்குலேட்டரை எடுங்கள். 1.125-இன் வர்க்கம் 1.266. அதை 1.1-ஆல் பெருக்கினால் 1.39. அதாவது வேகம் 10 சதவீதம், சூடு 39 சதவீதம். இப்படி ஒரு வட்டிக்கு எந்த ஊரிலாவது கடன் வாங்குவார்களா?

இன்னொரு கணக்கு. சாதாரண கூலர் ஒன்று, ஒவ்வொரு வாட்ஸுக்கும் 0.4 டிகிரி வீதம் அறை வெப்பத்துக்கு மேல் சூட்டை ஏற விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரி ஏ.சி. அறையில் 100 வாட்ஸ் பிராசசர் 68 டிகிரியில் நிற்கும். புத்தகங்களிலும் வீடியோக்களிலும் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். சித்திரை மாதம் நம் விடுதி அறை 36 டிகிரி. ஓவர்கிளாக் செய்த 139 வாட்ஸைப் போடுங்கள்: 36-உடன் 56, மொத்தம் 92! பல பிராசசர்களுக்கு எல்லையே 90-இலிருந்து 100 வரைதான். அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து ஏற்றிய வேகத்தை வெயில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

அதே அறையில், அதே கூலரில், வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 1.20-இலிருந்து 1.10-க்கு இறக்கினால்? 84 வாட்ஸ், 70 டிகிரி. செலவு ஒரு பைசா இல்லை. எல்லாச் சில்லும் ஒன்றுபோல வராது என்பதால், மோசமான சில்லும் ஓட வேண்டுமே என்று தயாரிப்பாளர் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்திருப்பார். அந்தத் தாராளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் இது. 0.02 வோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் முழு பாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். தொங்கினால் ஒரு படி மேலே ஏறி நின்றுவிட வேண்டும். சில மதர்போர்டுகளில் இந்த வசதி பூட்டியிருக்கும், அது வேறு விஷயம்.

பக்கத்து அறை நண்பனுக்குத் திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். ஓவர்கிளாக் செய்து, ஆறாயிரம் ரூபாய்க்கு வாட்டர் கூலரும் மாட்டினான். ஏப்ரலில் 94 டிகிரி! "தண்ணி ஊத்தியும் சூடு குறையலியேடே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான். தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கும், அவ்வளவுதான். அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. அறையே அனலாக இருந்தால் அது என்ன செய்யும், பாவம்! வோல்டேஜைப் பழைய இடத்துக்கு இறக்கி, சுவரோடு ஒட்டியிருந்த கேபினெட்டை ஒரு முழம் தள்ளி வைத்தோம். 78-க்கு வந்தது.

ஐஸ் கட்டி வைத்தால் என்ன என்று ஒரு ஜூனியர் கேட்டான். நம் பகுதியில் வேண்டவே வேண்டாம். குற்றாலச் சாரல் காலத்தில் 27 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 23 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பொருளிலும் பனி முத்து கோக்கும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோமே, அது மதர்போர்டில் வியர்த்தால் கதை முடிந்தது. 2011-இல் ஏ.எம்.டி. பிராசசர் ஒன்றைத் திரவ ஹீலியம் ஊற்றி 8.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸில் ஏறினார்கள். திரவ நைட்ரஜன் ஊற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசிக் குப்பிகளை வைத்திருக்கிறார்களே, மைனஸ் 196 டிகிரி, அதே நைட்ரஜன்தான். அதெல்லாம் சில நிமிட சாகசம். மறுநாள் அதில் யாரும் பிராஜக்ட் ரிப்போர்ட் அடிப்பதில்லை!

சாரல் என்றதும் இன்னொன்று. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாற்றின் கரையில்தான் எங்கள் வீரகேரளம்புதூர் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, சித்திரையைவிடச் சில டிகிரியை இலவசமாகக் குறைத்துக் கொடுக்கும். அறை குறையும் அளவு பிராசசரும் குறையும். ஆனால் அந்தக் காற்றோடு செம்மண் புழுதியும் வரும். எங்கள் வீட்டில் பீடி இலைத் தூள் வேறு. ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் கொசுவலைத் துணி கட்டினால் பாதி நிற்கும். ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேனைச் சுற்ற விடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் நம்ம பசங்க கை தாராளம். இட்லிக்குச் சட்னி மாதிரி அப்புகிறார்கள். தாமிரத்தின் வெப்பக் கடத்தும் திறன் சுமார் 400 என்றால் பேஸ்ட்டுக்குப் பத்தை ஒட்டித்தான் வரும். காற்றுக்கு 0.026. இரண்டு உலோகப் பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். பட்டாணி அளவு போதும்.

ஓவர்கிளாக்கிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, நானே பொறாமையோடு பார்த்திருக்கிறேன். ஆனால் கூடுதல் வோல்டேஜ் சில்லை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதற்குப் பழங்கதை தேட வேண்டாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் சில, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே அதிக வோல்டேஜால் பழுதாகி, 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்ட வேண்டி வந்தது. நம் விஷப்பரீட்சைக்கு யார் வாரண்டி தருவார்? எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அம்மாவிடம் போய், "பிராசசர் எரிஞ்சு போச்சும்மா" என்று எந்த மொழியில் சொல்வது?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் லேபில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மர மேஜைப் பெட்டிக்குள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன. பின்பலகையைக் கழற்ற முதல்வரிடம் அனுமதி வாங்கித் தாருங்கள். பேரவை நிதியில் ஒரு புளோயரும் நாலு டியூப் பேஸ்ட்டும் வாங்கினால் போதும். ஒரு சனிக்கிழமை மதியம் மெக்கானிக்கல் பசங்க நாங்கள் வர்றோம். ஸ்க்ரூ டிரைவர் எங்க ஒர்க்ஷாப்பிலேயே இருக்கு.