தோல் தொட்டியும் அறிவுதான்

2020 தேசியக் கல்விக் கொள்கை வந்ததிலிருந்து ‘இந்திய அறிவு மரபு’ என்று ஒரே பஜனை. யாரு மரபு? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாறு ஏற்றி, கடுக்காயில் பதமாக்கி, தோல் அழுகாமல் காத்தார் எங்கப்பா. அது வேதியியல் இல்லையா? அவங்க ஓதினா சாஸ்திரம். நாங்க செஞ்சா குலத்தொழில்!

1953இல் ராஜாஜி பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். 1954இல் அதை விரட்டினோம். 2023இல் விஸ்வகர்மா திட்டம், செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் குரு சீடப் பரம்பரை என்று பேர் சூட்டிக் கடன் கொடுக்க வந்தது.

வேதகணிதம் பாடமாகலாம்னா தோல் பதனிடுதலும் வேதியியல் பாடமாகட்டும். அக்ரகாரத்துப் பிள்ளையும் அதைப் படிச்சுப் பரீட்சை எழுதட்டும். எங்க புள்ளைங்க ஆய்வுக்கூடத்துல நிப்பாங்க, தொட்டிக்குத் திரும்பமாட்டாங்க.