கட்டடம் போதும், பராமரிப்பைக் கேளுங்கள்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பல அரசுப் பள்ளிகளில் ஏதாவது ஒரு கம்பெனி பெயர் சுவரில் இருக்கும். வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் இயந்திரம் என்று கொடுத்திருப்பார்கள். "பெரிய மனசு டீச்சர் அவங்களுக்கு" என்று நம் ஆட்கள் நெகிழ்ந்து போகிறார்கள். மனசு இருக்கலாம். சட்டமும் இருக்கிறது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. எதற்குச் செலவு செய்வது என்பதை முடிவு செய்வது மட்டும் கம்பெனியின் இயக்குநர் குழு. அதனால் உரிமை என்று சண்டை போட முடியாது. அதற்காகக் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு கம்பெனி குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தது. பேனர், சால்வை, போட்டோ, பிள்ளைகளுக்கு லட்டு. இரண்டாம் வருஷம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. கம்பெனியில் கேட்டால், "ஒப்படைச்சுட்டோமே". ஊராட்சியில் கேட்டால், "அது பள்ளிக்கூடத்துது". பள்ளியில் அதற்கென்று பணம் கிடையாது. பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இயந்திரத்தின் மேல் சாக்பீஸ் டப்பா வைத்தோம்.

கம்பெனி சொன்னதில் தப்பில்லை. 2021-இல் திருத்திய விதிகளின்படி, இந்தப் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ஒப்படைத்த மறுநாள் யார் பார்த்துக்கொள்வது? அதே விதிகளில் வழியும் இருக்கிறது. ஒரு திட்டத்தை, தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை நீட்டித்து நடத்தலாம். ஆகவே முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்: ஃபில்டர் மாற்றும் செலவு, எலக்ட்ரீஷியன், முக்கியமாகக் கழிப்பறை சுத்தம் செய்பவரின் சம்பளம். புதிய கழிப்பறை ஒன்றைவிட, இருக்கும் கழிப்பறைக்கு ஒரு ஆள் சம்பளம் பெரிய உதவி. வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஏன் லீவு போடுகிறார்கள் என்று எந்த டீச்சரையும் கேட்டுப் பாருங்கள்.

கேட்பது யார்? பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் அவர்கள் வேலை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெற்றோரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஷிப்டு முடிந்து வரும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

உங்களில் பல பேர் அந்தக் கம்பெனிகளுக்குள்ளேயே லைனிலும் ஹெச்.ஆரிலும் இருக்கிறீர்கள். எந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். எடுத்துப் படித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். மனு எழுத வரவில்லை என்றால் எழுதினவரைக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.