அழகருக்கே காத்திருக்கல, மாமாவுக்கு எதுக்கு?

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல சித்தி பொண்ணுக்குக் காதுகுத்து. பத்திரிகையில 'காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்'னு தெளிவா போட்டிருந்தாங்க. காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு எட்டரைக்கே மண்டபத்துல ஆஜர். குழந்தை ரெடி, ஆசாரி ரெடி, இட்லி ரெடி. தாய்மாமன் மட்டும் இல்ல. (எனக்கும் அவர்தான் தாய்மாமன், அதனால திட்டுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு.)

மாமா வீடு ராஜபாளையம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர், சொந்தக் கார். போன் பண்ணினா "இந்தா கிளம்பிட்டோம்"ங்கிறார், பின்னால குக்கர் விசில் அடிக்குது.

மாமன் வீட்டுக்காரங்க உட்காராம முதல் பந்தி போடக்கூடாதாம். அதனால இலை போடல. எங்க அம்மாச்சிக்கு சர்க்கரை வியாதி. ஒன்பது மணிக்கு டிபன்னு நம்பி எட்டரைக்கே இன்சுலின் போட்டுக்கிட்டாங்க. ஒன்பதே முக்காலுக்கு கை நடுங்க ஆரம்பிச்சது, அப்புறம் வேர்வை, அப்புறம் பேச்சு குழறல். ஓடிப்போய் சமையல்கட்டுல சர்க்கரை வாங்கிக் கரைச்சுக் குடுத்தோம். கொஞ்சம் தெளிஞ்சதும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "எம்மகன் வந்துட்டானா?"

பத்தேகாலுக்கு மாமா வந்தார். சீர்த்தட்டு, மேளம், ஒரே ஆரவாரம். கேட்டதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "பத்தரைக்குத்தானடா ராகு காலம், அதுக்குள்ள வந்துட்டேன்ல!"

எனக்கு இதுதான் தாங்கல. நமக்கு நேரம் பார்க்கத் தெரியாதுன்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டுன்னு சின்னப் பசங்களுக்குக்கூட மனப்பாடம். இதே மாமா பொதிகை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குப் போறதா இருந்தா அரை மணி நேரம் முன்னாடியே ராஜபாளையம் ஸ்டேஷன்ல பெட்டி மேல உட்கார்ந்திருப்பார். ராகு காத்திருக்க மாட்டார், ரயிலும் காத்திருக்காது. நாமதான் காத்திருப்போம். அதனால நம்மகிட்ட மட்டும் லேட்டு. இதுக்குப் பேர் மறதி இல்ல, மப்பு. காதுகுத்துக்கு முன்கூட்டியே வந்து பாத்திரம் தேய்ச்ச ஏழை அத்தைக்காக எந்தப் பந்தியாவது நின்னிருக்கா, சொல்லுங்க?

"இந்தியாவுல எல்லாமே அப்படித்தான்"னு ஒரு குரூப் வரும். 1906லயே நாடு முழுக்க ஒரே நேரம்னு வெச்சாச்சு. அது 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கணக்கு வெச்ச நேரம். நம்ம ஊர் அதுக்கு மேற்க இருக்கிறதால சூரியக் கணக்குப்படி ஒரு இருபது நிமிஷம் பின்தங்குவோம். சரி, அந்த இருபது நிமிஷத்தை மாமாவுக்குத் தள்ளுபடி பண்ணிடுறேன். மிச்சத்துக்கு யார் கணக்கு எழுதுறது?

பத்திரிகை அடிக்கிறவங்களும் யோக்கியம் இல்ல. ஜனம் பத்துக்குத்தான் வரும்னு ஒன்பதுன்னு போடுறாங்க. அது தெரிஞ்சு ஜனம் பத்தரைக்கு வருது. விலையை ஏத்தி ஒட்டிட்டு ஆடித் தள்ளுபடி போடுற கதைதான். ஏமாறுறது அச்சடிச்சதை நம்பி வர்றவன் மட்டும்.

சரி, நம்ம ஊர் ஆண்டாளையே எடுத்துக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவங்க சூடின மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துல கருட சேவைக்குத் திருப்பதி போகுது. ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, நேரத்துக்குப் போய்ச் சேருது. சித்திரையில கள்ளழகர் வைகையில இறங்கும்போதும் ஆண்டாள் மாலைதான். அந்த அழகர் கதை என்ன? தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வர்றார், வந்து சேர்றதுக்குள்ள தாலி ஏறிடுது. கோவிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வராம வண்டியூர் பக்கம் போயிடுறார். அண்ணன் கோபத்தை ஊரே கொண்டாடுது, ஆனா அவருக்காக முகூர்த்தத்தை யாரும் தள்ளல! அழகருக்கே அந்த மரியாதைதான்.

"தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியுமா?"ன்னு அம்மா கேட்டாங்க. முடியாது, ஒத்துக்கிறேன். காது காத்திருக்கட்டும். இட்லி எதுக்குக் காத்திருக்கணும்? சடங்கு மாமனுக்கு, சாப்பாடு பசிக்கிறவனுக்கு. முதல் பந்தியில வயசானவங்களும் குழந்தைங்களும் மாத்திரை போடுறவங்களும் உட்காரட்டும். மாமன் வீட்டுக்குத் தலைவாழை இலை ரெண்டாம் பந்தியிலும் அதே நீளம்தான் இருக்கும்.

அடுத்த மாசம் எங்க வீட்டுல ஒரு விசேஷம். எட்டரைக்கு முதல் பந்தி, முதல் இலை அம்மாச்சிக்கு. மாமாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "நான் வராம சாப்பிட்டுருவீங்களாடா?"ன்னு கேட்டார். "ஆமா மாமா"ன்னேன். ரெண்டு நாளா அம்மா என்கூடப் பேசல. அம்மாச்சியும்தான்.