முதியோர் விழுங்கற் குறையும் தொண்டைப் பையும்

முதியவர் ஒருவர் உணவை விழுங்க இடர்ப்பட்டால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி அமைவது பல இல்லங்களில் வழக்கமாக உள்ளது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. மூப்பின்மீது பழிபோட்டு ஆராயாது விடுவதால், தீர்க்கக்கூடிய நோய்களும் தீராமற் போகின்றன.

இதற்குத் தக்க சான்று தொண்டைப் பை என்னும் நோயாகும். உணவுக்குழல் தொடங்குமிடத்தில் வளையம் போன்ற தசையொன்று உள்ளது. விழுங்கும்பொழுது அது நெகிழ்ந்து வழிவிட வேண்டும். போதிய அளவு நெகிழாவிடின் மேலே அழுத்தம் மிகுகின்றது. அத்தசைக்குச் சற்று மேலே, பின்சுவரில் இயல்பாகவே வலிமை குன்றிய ஓரிடத்தின் வழியே உட்சவ்வு பிதுங்கிப் பையாகின்றது. பிரிஸ்டல் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் லட்லோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதனை விவரித்தார். 1877இல் செர்மானிய அறிஞர் சென்கர், சீம்செனுடன் சேர்ந்து இதனை விரிவாக ஆராய்ந்தமையால் இப்பை சென்கர் பெயரால் வழங்குகின்றது.

பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோரிடம் காணப்படும் இந்நோய் அரியதே. அரிய நோயை ஊர்ப்பணியாளர் அறிவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். இதன் குறிகளை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதே விடை. சில மணி நேரத்திற்கு முன் உண்ட சோறு செரியாமலே வாய்க்குத் திரும்புதல், விழுங்கும்பொழுது கழுத்தில் களகளவென ஒலித்தல், வாய் நாற்றம், படுத்தபின் இருமல், உடல் மெலிதல் ஆகியன அவை. பையில் தங்கிய உணவு மூச்சுக்குழலிற் புகுந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகி உயிருக்கே ஊறு நேரலாம். உட்கொண்ட மாத்திரையும் பையிலேயே தங்கிவிடக்கூடும். மேலும், விழுங்கற் குறை பக்கவாதத்தாலும் புற்றுநோயாலும் தோன்றுவதாகலின், விசாரிப்பது ஒருபோதும் வீணாகாது.

பேரியக் கலவையைப் பருகச் செய்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால் பை தெளிவாகத் தெரியும். தொல்லை தராத சிறு பையை அப்படியே விட்டுவிடலாம். தொல்லை தருவதைக் கழுத்தைக் கீறியோ, வாய்வழியே கருவி செலுத்திப் பைக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட தசையைப் பிளந்தோ சீர்செய்வர். மருத்துவரிடம் குறிகளை முன்னரே உரைத்தல் இன்றியமையாதது. பை இருப்பதை அறியாது குழாய் செலுத்தினால் அதில் துளை விழும் அபாயம் உண்டு.

ஆகவே, வீடுதோறும் செல்லும் பணியாளர், "உண்டது திரும்பி வருகின்றதா? உண்ணும்பொழுது இருமல் வருகின்றதா? உடல் இளைத்துள்ளதா?" என்னும் மூன்று வினாக்களை முதியோரிடம் கேட்பாராக. ஆசிரியர்களும் இதனை வகுப்பில் எடுத்துரைக்கலாம். பாட்டனார் பாதி உணவில் கையை உதறி எழுவதையும், பிறர் காண உண்ணக் கூசி ஒதுங்குவதையும் முதலிற் காண்பவர் உடனிருந்து உண்ணும் பேரப்பிள்ளைகளே அல்லரோ?