அழுகிய கிழங்கில் சிக்கனம் வேண்டாம்



பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் தை முடியும்வரை கிடக்கும். ஓர் ஓரம் கறுத்து அழுகினால் அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, "வெந்தால் கிருமி செத்துவிடும்" என்று மீதியை அடுப்பில் வைக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

கொதிநீரில் பூஞ்சை சாகும், உண்மைதான். ஆனால் பூஞ்சை தாக்கியதும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள இப்போமியாமரோன் போன்ற நச்சுப் பொருள்களைத் தானே உண்டாக்குகிறது. வேகவைத்தாலும் அவை முழுதாக அழிவதில்லை. பார்வைக்கு நல்லதாகத் தெரியும் பக்கத்துச் சதையிலும் இருக்கலாம். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

"சரி, மாட்டுக்குப் போடுவோம்" என்பார்கள். அதுவும் கூடாது. பூஞ்சை பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பதிவாகியிருக்கிறது. வாயில்லா ஜீவன், கசக்கிறது என்று சொல்லாது.

சிக்கனத்தை வாங்கும்போதே காட்டுங்கள். வெட்டுக்காயம் இல்லாததாகப் பொறுக்குங்கள். காயத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் பூஞ்சை நுழைகிறது. கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து அழுகும். பிரிட்ஜும் வேண்டாம்; 12 டிகிரிக்குக் கீழே அதன் சதை கெட்டு, பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும்.

இரண்டு கிழங்கைக் குப்பையில் போடுவதால் குடும்பம் கெட்டுவிடாது. வீட்டில் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.