அடித்தல் திருத்தல்

பத்திரம் எழுதுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஓர் எழுத்துப் பிசகிவிட்டால் சுரண்டி அழிக்க மாட்டார்கள். பழையது கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, அடித்தல் எத்தனை, திருத்தல் எத்தனை என்று கணக்கும் காட்டிவிடுவார்கள். எதற்கு இந்தச் சிரமம்? பிற்பாடு யாராவது வந்து, "நான் எழுதியது இப்படி இல்லையே!" என்று கையை விரிக்கக் கூடாது அல்லவா?

இந்தப் பழைய சமாசாரம் கம்ப்யூட்டருக்குள்ளும் குடி புகுந்திருக்கிறது. அங்கே அதற்கு 'ஆடிட் லாக்' என்று பெயர். "நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலைக்குக் காலையில் பஸ் ஏறுகிற பெண்களில் எத்தனையோ பேர் 'டெஸ்டர்' உத்தியோகம் பார்க்கிறார்கள். உங்கள் மகளோ, மருமகளோ, மாடி வீட்டுப் பெண்ணோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பரிமாறுவதற்கு முன் உப்புப் பார்க்கிற வேலைதான் அது. இன்னொருவர் செய்த ஸாஃப்ட்வேரை இவர் ருசி பார்க்க வேண்டும். பணம் அனுப்பும் பொத்தானை அவசரத்தில் இரண்டு தரம் தட்டினால் பணமும் இரண்டு தரம் போகிறதா? போனால் 'ஃபெயில்', போகாவிட்டால் 'பாஸ்'. இப்படி நூற்றுக் கணக்கில் சோதனைகள். அத்தனையையும் குறித்து வைக்கும் பெரிய நோட்டுப் புத்தகம்தான் டெஸ்ட் மேனேஜ்மெண்ட் ஸாஃப்ட்வேர். ஒரே நோட்டில் முப்பது பேர் எழுதுவார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் 'ஃபெயில்' என்று குறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ஸாஃப்ட்வேர் வெளியே போயாக வேண்டும். வியாழக்கிழமை இரவு யாரோ அதைப் 'பாஸ்' ஆக்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் வாடிக்கைக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். நோட்டைத் திறந்தால் 'பாஸ்' என்று இருக்கிறது. சோதித்தவர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர்! அவள் என்ன சத்தியம் செய்தாலும் எடுபடுமா? ஆடிட் லாக் இருந்தால், எந்தக் குறிப்பை, யார், எந்த நிமிஷத்தில், எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்று அது சொல்லிவிடும்.

ஆனால், முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். திருட்டுப் போன பிறகு பூட்டு வாங்கிப் பிரயோஜனமில்லை. எதையெல்லாம் பதிவது, எத்தனை நாள் காப்பது என்று நிர்வாகிதான் தீர்மானிக்கிறார். முப்பது நாள் என்று வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து விசாரித்தால் வெறும் பக்கம்தான் கிடைக்கும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1997-லேயே இதற்கு விதி போட்டது. மின்னணுப் பதிவேட்டில் ஒன்றைத் திருத்தினால் பழையது மறையக் கூடாது, நேரமும் பதிவாக வேண்டும் என்றது. பரிசோதனைக் கருவிகளில் இந்தப் பதிவை அணைத்து வைத்ததற்காக நம் நாட்டு மருந்துத் தொழிற்சாலைகள் சிலவும் அந்தத் துறையிடம் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கின்றன. மருந்தில் 'ஃபெயில்' 'பாஸ்' ஆனால் வாடிக்கைக்காரர் கூச்சலோடு போகுமா? நம் சர்க்காரும் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கெழுதும் ஸாஃப்ட்வேரில் திருத்தப் பதிவு இருந்தே தீர வேண்டும், அதை அணைக்கவே முடியக் கூடாது என்று சட்டமாக்கியிருக்கிறது. சோதனை நோட்டுக்கு அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்டைத் தோழிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். காப்பிப் பொடி இரவல் கொடுக்கலாம்; கையெழுத்தை இரவல் கொடுக்கலாமா? நான்கு பேர் ஒரே பெயரில் நுழைந்தால், லாக் அந்த ஒரு பெயரைத்தான் நான்கு தரம் எழுதும். இரவில் தானாக ஓடும் சோதனைகளும் சில இடங்களில் யாரோ ஒரு பெண்ணின் பெயரிலேயே ஓடுகின்றன. அவள் தூங்கும்போது யந்திரம் அவளுக்காகக் கையெழுத்துப் போடுகிறது! அதற்கென்று தனிப் பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பல லாகுகள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அது நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். லாகில் மாலை 4.45 என்றிருந்தால், "அப்போது நீ நாற்காலியில்தானே இருந்தாய்?" என்பார்கள். நம் கணக்கில் அது இரவு 10.15, நீங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்த நேரம்.

லாகை நிர்வாகியே அழிக்க முடியும் என்றால் பாதிப் பயன் போச்சு. ஒரு பிரதி அவர் கைக்கு எட்டாத வேறு இடத்தில் இருக்க வேண்டும். இன்னொரு சங்கடம், 'டெஸ்ட்ரெயில்' போன்றவற்றில் இந்த வசதி விலை கூடிய 'எண்டர்பிரைஸ்' பதிப்பில்தான் வருகிறது; செலவுக்கு அஞ்சும் கம்பெனிகள் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள், சாயங்காலம் கிளம்புமுன் அன்றைய 'ஃபெயில்' பட்டியலைத் தலைவருக்கு ஆபீஸ் மெயிலிலேயே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு பஸ் ஏறலாம். ஐந்து நிமிஷ வேலை.